பழைய தோல் தையல் மெஷினில் நூல் டென்ஷன் கோளாறு: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

தையலின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குவதைப் பார்த்ததும் கை நேராக ஷட்டிலில் (அடிநூல் சுற்றிய பாபின் உருளையைத் தாங்கி ஓடும் பாகம்) இருக்கும் குட்டித் திருகுக்குத்தான் போகும். அங்கே போகாதீர்கள். அடியில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் மேலே பிறந்தது. மேல்நூலைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால்தான் அது கீழே வழிகிறது. அந்த நேரத்தில் ஷட்டில் திருகை இறுக்கினால் இருந்த ஒரு கோளாறு இரண்டாகும்.

இந்த வழிகாட்டி தோல், செருப்பு, பை ரிப்பேருக்குப் பயன்படும் பழைய ஒட்டுத்தையல் மெஷின்களுக்கானது. சிங்கர் 29கே, ஜெர்மன் அட்லர் 30, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி ஓட்டும் சீனத் தயாரிப்பு மெஷின்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நீளமான ஒல்லிக் கை, அதன் முனையில் சின்ன ஷட்டில், எந்தப் பக்கமும் திரும்பும் பாதம். சாதாரணத் தையல் மெஷினில் துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பல். இங்கே அடியில் பல் கிடையாது. பாதமே தோலை அமுக்கிப் பிடித்து இழுக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் துணி மெஷினுக்குச் சொல்லும் டென்ஷன் வைத்தியம் இங்கே பாதிதான் பலிக்கும்.

29கே-யில் வரும் 'கே' ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் 29கே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதற்கு நாற்பது வயதுக்கு மேல். தேய்மானம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

சின்ன முனை உள்ள திருப்புளி, மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், 600-ம் 1000-ம் நம்பர் உப்புத்தாள், பூதக்கண்ணாடி, ஒரு புது ஊசி, நீங்கள் வழக்கமாகத் தைக்கும் கனத்தில் இரண்டடுக்குத் தோல் துண்டு. மேலுக்கு ஒரு நிறம், அடிக்கு ஒரு நிறம் என்று நூல் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே பிராண்டு, ஒரே கனமாக இருக்கட்டும். கறுப்புத் தோலில் கறுப்பு நூலைப் போட்டு டென்ஷன் பார்ப்பது இருட்டில் கணக்கு எழுதுவது மாதிரி.

மோட்டார் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள். இனி எல்லாமே கைச்சக்கரத்தில்தான்.

படி 1: தையலைப் படியுங்கள்

ஒரு சாண் நீளத்துக்குத் தைத்து, துண்டை வெளிச்சத்தில் பிடியுங்கள். சரியான தையலில் மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுக்கனத்தில் முடிச்சுப் போட்டிருக்கும். மேலே ஒரு நிறம், அடியில் மற்ற நிறம் மட்டும் தெரியும். அப்படி இல்லையென்றால்:

அடியில் அடிநூல் நேர்கோடாகக் கிடந்து, அதன் மேல் மேல்நூல் குட்டிக் குட்டி வளையமாகத் தெரிந்தால், மேல்நூல் தளர்வு அல்லது அடிநூல் அளவுக்கு மேல் இறுக்கம்.

மேலே ஒவ்வொரு துளையிலும் அடிநூல் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மேல்நூல் இறுக்கம் அல்லது அடிநூல் தளர்வு.

அடியில் நூல் கூடு கட்டி, பாதத்தைத் தூக்கினாலும் தோல் வெளியே வர மறுத்தால், டென்ஷன் கூடக்குறைய இருப்பதல்ல, டென்ஷனே இல்லை. மேல்நூல், அதை அமுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒவ்வொரு தையலுக்கும் ஏறி இறங்கி நூலை இழுக்கும் கையில் கோர்க்க விட்டுப்போயிருக்கிறது.

இரண்டு பக்கமும் பார்க்க அழகாக இருந்தும், அடுக்குகளைப் பிரித்து இழுத்தால் நடுவில் நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தால், இரண்டு நூலுமே தளர்வு. பார்வைக்கு நன்றாக இருப்பதால் இதைப் பலர் கவனிப்பதே இல்லை. செருப்பு வார் பிய்ந்து திரும்பி வரும்போதுதான் தெரியும்.

வெளியே பார்த்து முடிவுக்கு வர முடியாவிட்டால் தையல் கோட்டின் மேலேயே கூர்மையான பிளேடால் தோலை நெடுக வெட்டிப் பாருங்கள். முடிச்சு எந்த உயரத்தில் நிற்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: கோளாறு எல்லாத் தையலிலும் வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா? விட்டு விட்டு வந்தால், ஒரே இடைவெளியில் வருகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. சீரான இடைவெளியில் வரும் கோளாறு, சுற்றுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது: கோணிய பாபின், அல்லது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடத்தில் மாட்டி இழுக்கும் நூல்கண்டு. ஒழுங்கே இல்லாமல் வந்தால் தூசி, பிசிறு, நூலில் இருக்கும் முடிச்சு. ஒரு திசையில் தைக்கும்போது மட்டும் வந்தால் அது வேறு கதை. படி 8-க்குப் போங்கள்.

படி 2: ஊசியும் நூலும்

பழைய ஊசியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். சிங்கர் 29 வகைக்கு 29×3, 29×4 என்ற ஊசிகள் வரும். முதலாவது துணிக்கான உருண்டை முனை, இரண்டாவது தோலை வெட்டிக்கொண்டு இறங்கும் முனை. தோலுக்கு இரண்டாவதுதான். சீன மெஷின்களில் ஊசி வகை மாறும். கூடவே வந்த ஊசியின் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் ஷட்டில் நூலைப் பிடிக்கும் இடம் மாறிவிடும், பிறகு எந்தத் திருகும் உதவாது.

ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றி மாட்ட வேண்டும். நெடுகப் பள்ளம் ஓடும் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும். காதுக்கு மேல் குழிவாகச் செதுக்கியிருக்கும் பக்கம் ஷட்டில் முனையைப் பார்த்து இருக்க வேண்டும்.

அடுத்து அளவுப் பொருத்தம். டெக்ஸ் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் எண்; எண் கூடக் கூட நூல் கனம். டெக்ஸ் 70 நூலுக்கு 18-ம் நம்பர் (110) ஊசி, டெக்ஸ் 90-க்கு 20 (125), டெக்ஸ் 135-க்கு 22 (140) என்று தொடங்குங்கள். அடைப்புக்குள் இருப்பது ஊசியின் கனம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில்; அதாவது 110 என்றால் 1.1 மி.மீ. இந்தப் பொருத்தம் டென்ஷனோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தோலில் ஊசி போட்ட துளை சின்னதாக இருந்தால் முடிச்சு உள்ளே ஏறாது, எவ்வளவு இறுக்கினாலும் அடியிலேயே நிற்கும். கெட்டியான தோலில் மேல்நூலை இறுக்கி இறுக்கி நூல் அறுகிற நிலைக்கு வந்தவர்கள், ஊசியை ஒரு நம்பர் பெரிதாக்கிப் பாருங்கள். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

தோலின் கனத்தையும் பார்க்க வேண்டும். மொத்தக் கனமே ஒன்றரை மில்லிமீட்டர் உள்ள மெல்லிய தோலுக்கு டெக்ஸ் 135 நூலைப் போட்டால் முடிச்சு ஒளிந்துகொள்ள இடமில்லை. மேலே தெரியும், இல்லாவிட்டால் கீழே தெரியும். அது கோளாறே அல்ல. நூலை மெலிதாக்குங்கள்.

நூலின் முறுக்கும் முக்கியம். மேல்நூல் இடமுறுக்கு நூலாக இருக்க வேண்டும். சோதிப்பது எளிது: இரண்டு கையிலும் நூலைப் பிடித்து, வலது கை விரல்களால் நூலை உங்களை நோக்கி உருட்டுங்கள். இழைகள் இன்னும் இறுகினால் இடமுறுக்கு, பிரிந்தால் வலமுறுக்கு. வலமுறுக்கு நூல் ஊசியில் ஓட ஓடப் பிரிந்து, பஞ்சாகி, டென்ஷன் ஏறி இறங்கும். கையால் தைப்பதற்கு விற்கும் மெழுகு நூலை மெஷினில் போடவே வேண்டாம். தட்டுகளுக்கு நடுவே மெழுகு அப்பிக்கொள்ளும்.

படி 3: நூல் வரும் வழி

நூல்கண்டு கூம்பாக இருந்தால் நூல் அதன் உச்சிக்கு நேர் மேலே செங்குத்தாக ஏறி, அங்கிருந்து மெஷினுக்கு வர வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கூம்பின் விளிம்பில் உரசி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு இழுப்பு வரும். விறைப்பான நைலான் நூல் கண்டிலிருந்து சுருள் சுருளாகச் சரிந்து அடியில் போய்ச் சிக்கிக்கொள்வதும் உண்டு. கண்டுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு போதும்.

சிங்கர் 29 வகையில் மேல்நூல் தலைக்குள் ஊசித்தண்டு வழியாகவே இறங்குகிறது. நீளக் கம்பி ஒன்றை விட்டுத்தான் அதை இழுத்து இறக்க வேண்டும். வெளியே தெரியாத வழி என்பதால் உள்ளே எண்ணெய்ப் பிசினும் நூல் தூசியும் அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த தடித்த நூலை அதன் வழியே முன்னும் பின்னும் இழுத்து எடுங்கள். கறுப்பாக வருவது நிற்கும்வரை இழுங்கள்.

இப்போது டென்ஷன் தட்டுகளின் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு, நூலைக் கோர்த்து, ஊசிக்குக் கீழே பிடித்து மெதுவாக இழுங்கள். ஏறக்குறைய தடையே இல்லாமல் வர வேண்டும். தடை இருந்தால் பின்னோக்கிப் போங்கள்: ஊசிக்கு முன்னால் பிடித்து இழுங்கள், பிறகு நூலை இழுக்கும் கைக்கு முன்னால், பிறகு தட்டுக்கு முன்னால், கடைசியாகக் கண்டு பக்கத்தில். எந்த இடத்தைத் தாண்டியதும் விரலில் கனம் குறைகிறதோ அங்கேதான் உரசல். பழைய மெஷின்களில் நூல் காலங்காலமாக ஓடி கம்பிக் கொக்கிகளில் வாய்க்கால் வெட்டியிருக்கும். விரல் நகத்தால் தடவினால் மாட்டும். உப்புத்தாளைக் குழல் மாதிரிச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள்.

படி 4: டென்ஷன் தட்டுகள்

திருகை முழுக்கக் கழற்றுங்கள். கழற்றும் வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங், தட்டுகள், நடுவே இருக்கும் வாஷர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடையுங்கள். நைலான் நூலின் மேல்பூச்சு உதிர்ந்து தட்டின் உள்பக்கம் மெல்லிய மஞ்சள் படலமாக ஒட்டியிருக்கும், பார்த்தால் துரு மாதிரித் தோன்றும். அது ஒரு பக்கம் மட்டும் இருந்தாலே தட்டுகள் முழுசாக ஒட்டாது. நூல் கனமாக வரும் இடத்தில் இறுக்கும், மெலிந்து வரும் இடத்தில் விட்டுவிடும்.

தட்டுகளை நேருக்கு நேர் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கசிந்தால் தட்டு வளைந்திருக்கிறது. கண்ணாடிமேல் 1000-ம் நம்பர் தாளை விரித்து, தட்டை வட்டமாகத் தேய்த்தால் சின்ன வளைவும் கீறலும் போய்விடும். ஆழமாக வரி விழுந்திருந்தால் மாற்றுங்கள், விலை பெரிதில்லை.

ஸ்பிரிங்கில் ஒரு எளிய சோதனை: பொருத்திய பிறகு திருகு தன் ஓட்டத்தின் நடுவில் இருக்கும்போது வேலைக்குத் தேவையான இறுக்கம் கிடைக்க வேண்டும். கடைசிவரை திருகினால்தான் பிடிக்கிறது என்றால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. அதைக் கையால் இழுத்து நீட்டிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில வாரத்தில் பழையபடி சோர்ந்துவிடும்.

தட்டுகளுக்குள் எண்ணெய் போடக் கூடாது. சில மாடல்களில் பாதத்தைத் தூக்கும்போது தட்டுகள் விரிந்து நூலை விடும், அந்த ஏற்பாடு துருவில் சிக்கி விரிந்த நிலையிலேயே நின்றுபோவதும் உண்டு. பாதத்தை இறக்கியதும் தட்டுகள் உண்மையிலேயே மூடுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

படி 5: பாபினும் ஷட்டிலும்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கையின் முனையில் இருக்கும் மூடியைத் திறந்து ஷட்டிலை எடுங்கள்.

முதலில் பாபின். மேசைமேல் உருட்டுங்கள், தள்ளாடினால் எறியுங்கள். இந்த மெஷின்களில் சின்ன பாபின், பெரிய பாபின் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு மற்றது சேராது. கிட்டத்தட்ட சேருகிற மாதிரி இருக்கும் பாபின்தான் ஆபத்து. பாபினில் நூலைச் சீராக, மிதமான இறுக்கத்தில் சுற்றுங்கள். நைலான் நூலை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் அது நீண்டு, பிறகு சுருங்கும்போது பாபின் பக்கங்களைத் தள்ளி விரித்துவிடும்; பாபின் ஷட்டிலுக்குள் சுற்றாமல் திணறும். விளிம்புவரை நிரப்பாதீர்கள். சின்ன பாபினில் நூல் சீக்கிரம் தீர்கிறதே என்று கூட ஒரு அடுக்கு ஏற்றுவது எல்லாருக்கும் வருகிற ஆசை. அந்தக் கடைசி அடுக்குதான் ஷட்டில் சுவரில் உரசி டென்ஷனைக் கெடுக்கிறது. இடம் போதவில்லையென்றால் அடிநூலை ஒரு கனம் மெலிதாக்குங்கள்: மேலே டெக்ஸ் 90, அடியில் டெக்ஸ் 70 என்று ஓட்டுவதில் தப்பே இல்லை. அப்படி ஓட்டினால் சோதனையும் அதே ஜோடியில்தான்.

பாபினை ஷட்டிலில் போடும்போது நூல் வெட்டுவழியில் நுழைந்து, திசை திரும்பி, தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் போக வேண்டும். நேர்த்திசையில் ஓடும்படி போட்டால் ஸ்பிரிங்கிலிருந்து நழுவி வெளியே வரும்.

அடுத்து அந்தத் தகட்டு ஸ்பிரிங். திருகு எந்த நிலையில் இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். திருகு கடுகளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் கிடைக்காது. ஓரம் உயர்ந்த தட்டுக்குள் வைத்து வேலை செய்யுங்கள். ஸ்பிரிங்கின் அடியில் நூல்தூசி ஒரு குட்டித் துணுக்காக இறுகிப்போயிருக்கும். அது ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிப்பதால் அடிநூல் திடீரென்று தளரும், தூசி நகர்ந்ததும் திரும்ப இறுகும். ஊசி முனையால் சுரண்டி எடுங்கள். ஸ்பிரிங்கின் உள்பக்கத்தில் நைலான் நூல் வெட்டிய வரி இருந்தால் 1000-ம் நம்பர் தாளில் வரி போன திசையிலேயே தேய்த்து மழுக்குங்கள். தகட்டின் நுனி வளைந்து நிற்கக் கூடாது, ஷட்டிலின் உடம்போடு படிந்து இருக்க வேண்டும்.

பிறகு ஷட்டில் முனை. அதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பஞ்சில் தடவியும் பாருங்கள். இழை மாட்டினால் பிசிறு. கூர்மையைக் குறைக்காமல் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். தேய்த்து முனையைக் குட்டையாக்கிவிட்டால் தையல் விட்டுப்போக ஆரம்பிக்கும்.

இப்போது பலர் பார்க்காமலே விடுகிற இடம்: ஷட்டிலைத் தள்ளும் தாங்கி. மேல்நூலின் வளையம் ஷட்டிலை முழுக்கச் சுற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். வெளியே வரும் நேரத்தில் தாங்கிக்கும் ஷட்டிலுக்கும் நடுவே நூல் நுழைந்து போக ஒரு சின்ன இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் பிசின் அடைத்திருந்தால் நூல் அங்கே கணநேரம் மாட்டி, பிறகு 'டக்' என்று விடுபடும். காது கொடுத்தால் சத்தமே கேட்கும். அந்த மாட்டல்தான் அடியில் வளையமாகத் தெரியும். டென்ஷன் தட்டில் என்ன செய்தாலும் அது போகாது. மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டுத் தாங்கியையும் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள். சீனக் கைச்சக்கர மெஷின்களில் இந்த இடம் வார்ப்பு முரட்டுத்தனத்தோடேயே வந்திருக்கும். நூல் தொடும் விளிம்புகளை 600, பிறகு 1000 தாளால் உருட்டிவிட்டால் மெஷின் வேறு மெஷின் ஆகிவிடும்.

எல்லாம் காய்ந்த பிறகு ஷட்டில் ஓடும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் எதையும் கிட்டவே கொண்டுவராதீர்கள்; நாளடைவில் அது கோந்தாகும்.

படி 6: ஊசித்தட்டின் துளையும் பாதத்தின் அழுத்தமும்

ஊசித்தட்டின் துளையை விரலால் தடவிப் பாருங்கள். ஊசி மோதி மோதி விளிம்பு கிழிந்திருந்தால் நூல் அதில் மாட்டும். உப்புத்தாளை மெல்லிய நாடாவாக வெட்டித் துளைக்குள் விட்டு இழுத்து வழுக்குங்கள்.

பாதம் டென்ஷன் விஷயமா என்று கேட்கலாம். ஊசி மேலே ஏறும்போது தோல் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே எழும்பினால், நூல் வளையம் சரியாக விரியாது. ஷட்டில் சில சமயம் பிடிக்கும், சில சமயம் விட்டுவிடும். பிடித்த தையலும் தளர்வாக இருக்கும். பார்ப்பவர் டென்ஷன் என்பார். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஊசி கிளம்பும் நேரத்தில் பாதத்தின் ஓரத்தில் தோலைக் கவனியுங்கள். கொஞ்சம் எழும்பினாலும் பாத அழுத்தத்தின் திருகை இறுக்குங்கள். மெல்லிய தோலில் பாதத்தின் பல் பதிகிற அளவுக்குப் போக வேண்டாம்.

படி 7: இப்போதுதான் திருகு

அடியை முதலில் வையுங்கள், அதை அப்புறம் தொடாதீர்கள். நூல் போட்ட ஷட்டிலை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தன் எடைக்கே சரசரவென்று இறங்கினால் தளர்வு. கையை வெடுக்கென்று ஆட்டினாலும் அசையாவிட்டால் இறுக்கம். ஆட்டும்போது சின்னதாக ஒரு வழுக்கு வழுக்கி நிற்பதுதான் தேவை. திருகை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். பாபின் நிறைந்திருக்கும்போதும் பாதி தீர்ந்த பிறகும் சோதித்துப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு மேல். தட்டின் திருகை, அடியில் வளையம் கண்டிப்பாகத் தெரியும் அளவுக்குத் தளர்த்தித் தொடங்குங்கள். நாலு விரல்கடை தைத்து, தோலிலேயே பேனாவால் 1 என்று எழுதுங்கள். அரைச் சுற்று இறுக்கி அதே அளவு தைத்து 2 என்று எழுதுங்கள். இப்படியே போனால் அடியில் வளையம் குறைந்து, மறைந்து, பிறகு மேலே அடிநூல் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். வளையம் மறைந்த எண்ணுக்கும் புள்ளி தோன்றிய எண்ணுக்கும் நடுவில் நிறுத்துங்கள். இந்த நடு இடைவெளி அகலமாக இருந்தால் மெஷின் ஆரோக்கியமாக இருக்கிறது. வளையத்திலிருந்து நேரே புள்ளிக்குத் தாவினால் எங்கோ உரசல் மிச்சம் இருக்கிறது, படி 3-க்கும் 5-க்கும் திரும்புங்கள். அந்தத் தோல் துண்டைத் தூக்கிப் போடாமல், நூல், ஊசி நம்பரை எழுதி மெஷின் பக்கத்தில் மாட்டி வையுங்கள். அடுத்த முறை நூல் மாற்றும்போது அதுவே அளவுகோல்.

நடு நிலையில் வைத்தும் அடுக்குகளைப் பிரித்தால் ஏணி தெரிகிறதா? அப்போது அடியை எட்டில் ஒன்று இறுக்கி, மேலை மறுபடி ஒன்றிலிருந்து ஓட்டுங்கள். மென்மையான தோல் சுருங்கிக் குழிந்தால் இரண்டையும் அதே போலத் தளர்த்துங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் முதல் சில தையல்வரை கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் தொடக்கத்தில் கூடு கட்டுகிறது என்று டென்ஷனைக் குறை சொல்லக் கூடாது.

படி 8: நாலு திசை

பாதம் சுற்றும், ஆனால் ஊசியும் ஷட்டிலும் சுற்றாது. எனவே ஒரு திசையில் தைக்கும்போது ஊசிக்காதிலிருந்து நூல் ஒரு பக்கம் சாய்கிறது, எதிர்த்திசையில் மறுபக்கம். சில திசைகளில் மேல்நூல் அடிநூலை நேராகப் பூட்டாமல் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடும்; அந்தத் தையல் சாய்வாகவும் கொஞ்சம் உப்பியும் தெரியும். இது மெஷினின் பிறவிக்குணம், ரிப்பேர் கிடையாது.

ஒரு சதுரம் தையுங்கள், ஒவ்வொரு பக்கமும் பாதத்தைத் திருப்பி. எந்தப் பக்கம் மோசமோ அதற்காக டென்ஷனை வைத்தால் மற்ற மூன்றும் கெடும். நல்ல மூன்றுக்கு வைத்துவிட்டு, முடிந்தவரை மோசமான திசையில் தைக்காதபடி பொருளைத் திருப்பிப் போடுங்கள். வெளியே தெரிகிற நீளத் தையலுக்கு மெஷினின் சிறந்த திசையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

படி 9: இவ்வளவுக்கும் அசையவில்லையென்றால்

மிச்சம் தேய்மானம். இரண்டு இடம் பாருங்கள்.

நூலை இழுக்கும் கையை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். அது ஓடும் பள்ளத்தில் இருக்கும் முளை தேய்ந்திருந்தால் கை தொளதொளவென்று ஆடும். கைச்சக்கரத்தைச் சுற்றிக் கவனியுங்கள்: வளையம் ஷட்டிலின் அகலமான பகுதியைத் தாண்டியதும் இந்தக் கை மேலே ஏறி நூலை வாரிக்கொள்ள வேண்டும், ஊசி அடுத்தமுறை தோலைத் தொடுவதற்குள் தையல் இறுகி முடிந்திருக்க வேண்டும். பிந்தி ஏறினால் முந்தைய தையல் இறுகாமலே பாதம் தோலை நகர்த்திவிடும். முளையை உலோகம் வைத்துக் கட்டி அரைக்கத் தெரிந்த பட்டறையில் சரிசெய்யலாம், அல்லது அந்தப் பாகத்தையே மாற்றலாம்.

இரண்டாவது, ஷட்டிலை ஓட்டும் பல்சட்டமும் பல்சக்கரமும். கைச்சக்கரத்தை அசையாமல் பிடித்து ஷட்டில் தாங்கியை விரலால் ஆட்டுங்கள். நிறைய ஆடினால் பல் தேய்ந்து ஷட்டில் பிந்தி வருகிறது. ஊசி அடிமட்டத்திலிருந்து 2 மி.மீ. சொச்சம் ஏறும்போது ஷட்டில் முனை ஊசியைக் கடக்க வேண்டும், அதுவும் காதுக்குச் சற்று மேலே. ஊசி அதைவிட அதிகமாக ஏறிய பிறகுதான் முனை வந்து சேருகிறது என்றால், ஊசித்தண்டின் உயரத்தை மாற்ற முடிகிற மாடல்களில் அதை ஒரு மயிரிழை இறக்கி ஓரளவு ஈடுகட்டலாம். பல்லே போய்விட்டால் பல்லைத்தான் மாற்ற வேண்டும்.

பாகம் கிடைக்கும்வரை வேலை ஓட வேண்டுமென்றால், டெக்ஸ் 70 நூல், 18-ம் நம்பர் ஊசி, சற்று சின்னத் தையல் நீளம், நிதானமான வேகம். தளர்ந்த மெஷின் மெல்லிய நூலில் பெரும்பாலும் சண்டை போடாமல் தைக்கும். கனமான நூலை அதற்குக் கொடுக்காதீர்கள்.